ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது, செல்ஃப் மட்டும் எடுக்கவில்லை: 2004 மாருதி 800

பாளை_800:
எல்லோருக்கும் வணக்கம். அப்பா ஓட்டிய வண்டி, 2004 மாடல், எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை). காலையில் வீட்டிலிருந்து எடுக்கும்போது ஒரு குறையும் இல்லை. தென்காசி போகும் வழியில் ஆலங்குளத்தில் டீ குடிக்க நிறுத்தினால்தான் வம்பு. திரும்ப வந்து சாவியைத் திருப்பினால் பானெட்டுக்குள் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம், அவ்வளவுதான். இன்ஜின் சுற்றாது. விட்டு விட்டுத் திருப்பினால் சில நேரம் எடுக்கும். இல்லையென்றால் கடையில் நிற்பவர்கள் தள்ளிவிட வேண்டும். இரண்டாவது கியரில் கிளட்சை விட்டதும் உடனே ஸ்டார்ட் ஆகிவிடும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் மட்டும் மாப்பிள்ளை மாதிரி சமர்த்தாக எடுக்கிறது.

பேட்டரி போன தீபாவளிக்குத்தான் புதிதாகப் போட்டது. 'டக்' சத்தம் வரும்போது ஹெட்லைட்டைப் போட்டுப் பார்த்தேன், துளிகூட மங்கவில்லை. செல்ஃப் மோட்டாரை, அதாவது சாவி திருப்பியதும் இன்ஜினைச் சுற்றிவிடும் மோட்டாரை, முழுதாக மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

முத்துநகர்_டிரைவர்:
எர்த் ஒயரை, பேட்டரி நெகட்டிவை இன்ஜினோடு சேர்ப்பதை, பாருங்கள் அண்ணாச்சி. எங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு கியர் பாக்ஸில் மாட்டியிருக்கும் எர்த் பின்னல் உள்ளுக்குள்ளேயே பச்சை பிடித்து இற்றுப்போகும். வெளியே பார்த்தால் தெரியாது. கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கிப் பாருங்கள். அப்படியே பேட்டரி டெர்மினலையும்.

கோவை_ஒயரிங்:
அதையும் பார்க்கட்டும், ஆனால் அவர் சொன்னதிலேயே பாதி விடை இருக்கிறதுங்க. தள்ளினால் உடனே எடுக்கிறது, அதனால் பெட்ரோல், பிளக் பக்கம் போகவே வேண்டாம். லைட் மங்கவில்லை என்பதுதான் முக்கியம். செல்ஃப் மோட்டார் சுற்றும்போது நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், லைட் கட்டாயம் மங்கும். மங்கவில்லை என்றால் மோட்டாருக்குள் கரண்ட் போகவே இல்லை.

ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். ஆனால் வண்டி மக்கர் பண்ணும் அந்த நேரத்திலேயே அளக்க வேண்டும். ஒழுங்காக எடுக்கும்போது அளந்தால் எல்லாம் சரியாகத்தான் காட்டும். நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, ஒருவரைச் சாவியைத் திருப்பிப் பிடிக்கச் சொல்லுங்கள். பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் முத்துநகர் சொன்ன எர்த்தேதான். அடுத்து செல்ஃபில் சொருகியிருக்கும் சின்ன ஒயர், சாவியிலிருந்து வருவது. அதில் 8, 9 வோல்ட்தான் வருகிறது என்றால் இக்னிஷன் சுவிட்ச் தேய்ந்துவிட்டது. நடுவில் ஒரு ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) போட்டால் தீர்ந்தது. கடைசியாக சொலினாய்டில், அதாவது செல்ஃபோடு சேர்ந்திருக்கும் காந்த சுவிட்சில், இருக்கும் இரண்டு பெரிய போல்ட்டுகள். ஒன்று பேட்டரியிலிருந்து வருவது, இன்னொன்று மோட்டாருக்குள் போவது. 'டக்' அடித்த பிறகும் இரண்டாவதில் வோல்ட் இல்லையென்றால், சொலினாய்டுக்கு உள்ளே இருக்கும் செம்பு கான்டாக்ட் கருகிவிட்டது. அதில் வோல்ட் வந்தும் சுற்றவில்லை என்றால் கார்பன் பிரஷ், மோட்டாரின் சுழலும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கரித்துண்டு, தேய்ந்திருக்கும்.

பாளை_800:
ஞாயிற்றுக்கிழமை ஆலங்குளம் வரை ஓட்டி, வேண்டுமென்றே நிறுத்தினேன். எதிர்பார்த்தபடியே மக்கர். தம்பி சாவியைப் பிடித்தான். பேட்டரி 12.4, சாவி திருப்பியதும் 12.2தான், அதற்குக் கீழே இறங்கவில்லை. எர்த்தில் 0.1கூட இல்லை. சின்ன ஒயரில் 11.5. பெரிய போல்ட் ஒன்றில் 12.2, இன்னொன்றில் சைபர்!

கழற்றி எலக்ட்ரீஷியனிடம் கொடுத்ததும் அவர் சொலினாய்டின் மூடியைப் பிரித்தே காட்டினார். உள்ளே செம்பு முனை ஒன்றில் நகம் நுழையும் அளவுக்குப் பள்ளம், சுற்றிலும் கரி. ஒரு சந்தேகம்: காலையில் மட்டும் எப்படி எடுத்தது?

கோவை_ஒயரிங்:
சூடுதாங்க காரணம். சொலினாய்டு காயில் செம்புக் கம்பி. இன்ஜின் சூட்டில் அது 60 டிகிரி ஏறினால் அதன் ரெசிஸ்டன்ஸ் நாலில் ஒரு பங்கு கூடிவிடும், அதனால் கரண்ட் குறைந்து இழுவிசையும் குறையும். காலையில், உள்ளே இரண்டு செம்பு முனைகளையும் இணைக்கும் தட்டு ஓங்கி அடித்துக் கரியைத் தாண்டித் தொடுகிறது, சூட்டில் மெதுவாகப் போய் கரியின் மேலேயே உட்கார்ந்துவிடுகிறது. அந்தத் தட்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சுழன்றுகொண்டும் இருக்கும். நல்ல இடம் முனைக்கு நேராக வந்தால் எடுக்கும், அதனால்தான் விட்டு விட்டுத் திருப்பும்போது கிடைத்தது. வீல் ஸ்பேனரால் செல்ஃபைத் தட்டினால் எடுப்பதும் இப்படித்தான்.

முழு மோட்டார் வேண்டாம், சொலினாய்டு தனியாகக் கிடைக்கும். பழையதை நீவி மறுபடி மாட்டித் தருகிறேன் என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். கழற்றியது கழற்றியதாக பிரஷ் நீளத்தையும் புஷ்ஷையும் (மோட்டார் தண்டைத் தாங்கும் வளையம்) பார்க்கச் சொல்லுங்கள்.

பாளை_800:
பிரஷ் பாதிக்குமேல் தேய்ந்திருக்கிறதாம். அதையும் சேர்த்தே மாற்றச் சொல்லிவிட்டேன். வண்டி புதன்கிழமை கைக்கு வரும்.

முத்துநகர்_டிரைவர்:
நல்லது அண்ணாச்சி. மாட்டும்போது அந்த எர்த்தையும் ஒரு முறை இறுக்கச் சொல்லிவிடுங்கள், என் திருப்திக்கு.