மேயருக்கு எதற்கு வள்ளல் பட்டம்?

மாடிவீட்டு மணி:
போன ஞாயிறு எங்கள் பக்கம் ஒரு விழா. பத்து பெண்களுக்குத் தையல் மிஷின், நாலு பேருக்கு மூன்று சக்கர வண்டி. மேடையில் மக்கள் பிரதிநிதி ஒருவர். மைக் பிடித்தவர்கள் எல்லோரும் அவரை ‘வள்ளல்’ என்றார்கள். மேடைக்குப் பின்னால் இருந்த தெருவிளக்கு மூன்று வாரமாக எரியவில்லை. ஜெனரேட்டர் வெளிச்சத்தில்தான் வள்ளலைப் பாராட்டினோம்.

அவரை விடுங்கள். பொதுவாகக் கேட்கிறேன்: மேயர் என்று ஒருவர் வந்தபின் தானதர்மம் அவர் வேலையா? பிரிட்டனில் பல ஊர்களில் மேயர் பதவிக்கு வந்ததும் அந்த ஆண்டுக்கென்று ஒன்றிரண்டு அறக்கட்டளைகளைத் தேர்ந்தெடுப்பார். விருந்து, கச்சேரி வைத்து நிதி திரட்டுவார். அங்கே பெரும்பாலும் அது அலங்காரப் பதவி, சரி. சென்னை 426 சதுர கிலோமீட்டர், 200 வார்டு. இங்கே அவர் பார்க்க வேண்டிய வேலை வேறு.

ராயபுரத்து அக்கா:
மணி தம்பி, வேலை இருக்கிறது என்கிறீர்களே, அதிகாரம் இருக்கிறதா? குடிநீரும் கழிவுநீரும் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தோடு தனி வாரியத்துக்குப் போயின. பஸ் அரசிடம், போலீஸ் அரசிடம். மாநகராட்சியை நடத்துவது ஆணையர், அவரையும் அரசுதான் அனுப்புகிறது. 1992இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி நகராட்சிகளுக்கென்று 18 வேலைகளை அட்டவணை போட்டார்கள். அதில் எத்தனை முழுசாகக் கைக்கு வந்தன?

அங்கியையும் சங்கிலியையும் மாட்டிவிட்டு, கையைக் கட்டி உட்கார வைத்திருக்கிறோம். அப்படிப்பட்டவர் நாலு வசதிக்காரர்களிடம் பேசி ஏழைப் பெண்ணுக்கு ஒரு மிஷின் வாங்கிக் கொடுத்தால் உங்களுக்கு ஏன் எரிகிறது?

பழைய ரெக்கார்டு:
அக்கா சொன்ன அதிகாரக் கணக்கு சரி. முடிவுதான் சரியில்லை. ஒரு பழைய சமாச்சாரம் சொல்கிறேன். 1920இல் மாநகராட்சித் தலைவர் பிட்டி தியாகராயர். (மேயர் என்ற பட்டம் அப்போது இல்லை. 1933இல்தான் திரும்ப வந்தது, அதன்பின் முதல் மேயர் ராஜா முத்தையா செட்டியார்.) ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பசியோடு வரும் பிள்ளைகளுக்கு மதியம் சாப்பாடு போட வேண்டும் என்று தியாகராயர் நினைத்தார். அவர் கையில் காசு இல்லாமலா? சொந்தச் செலவில் சோறு போட்டு, வாசலில் பெயர்ப் பலகை மாட்டியிருக்கலாம். மாறாக, மன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். பிள்ளை ஒன்றுக்கு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பும் வைத்தார்கள்.

அன்று சாப்பிட்ட பையன் யாருக்கும் கும்பிடு போட வேண்டியிருக்கவில்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

ராயபுரத்து அக்கா:
ரெக்கார்டு சார், பாதி ரெக்கார்டை மட்டும் ஓட்டாதீர்கள். வண்ணாரப்பேட்டையில் சொந்த முயற்சியில் பள்ளிக்கூடம் நடத்தியவரும் அதே தியாகராயர்தான். கொடுத்துப் பழகிய கைக்குத்தான் பிள்ளைகளின் பசி தெரிந்தது என்று நான் சொன்னால்?

கொசுவலை:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். சைதை துரைசாமியை இரண்டு பக்கமும் மறந்துவிட்டீர்கள். மேயர் ஆவதற்கு முன்பே மனிதநேயம் அறக்கட்டளையில் ஐஏஎஸ் தேர்வுக்கு இலவசப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். 2011இலிருந்து 2016வரை மேயர். நடுவில், 2013 பிப்ரவரியில், மாநகராட்சி அம்மா உணவகத்தைத் திறந்தது. இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று. ஒரே ஆள், ஒன்று அறக்கட்டளை, இன்னொன்று மாநகராட்சி. இதில் எதைக் குறை சொல்வீர்கள்?

மாடிவீட்டு மணி:
எதையும் இல்லை. ஆனால் வித்தியாசத்தைப் பாருங்கள். பயிற்சியில் சேரத் தேர்வு உண்டு, இடம் இத்தனைதான் என்று உண்டு. தனியார் தர்மம் அப்படித்தான் இருக்க முடியும். உணவகத்தில் ‘நீ யார், எந்தக் கட்சி’ என்று யாரும் கேட்கவில்லை. மூட்டை தூக்குகிறவரும் சாப்பிட்டார், மாதக் கடைசியில் நானும் சாப்பிட்டேன்.

ராயபுரத்து அக்கா:
அம்மா உணவகம் முதலமைச்சர் ஜெயலலிதாவின் திட்டம். மேயர் யாராக இருந்தாலும் அது வந்திருக்கும். என் வாதத்துக்கு நீங்களே சாட்சி சொல்கிறீர்கள்! பெரிய விஷயம் எல்லாம் கோட்டையில் முடிவாகிறது, மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை பரிமாறுகிறது.

இன்னொன்றும் கேளுங்கள். 1973இல் மன்றத்தைக் கலைத்தார்கள். அடுத்த தேர்தல் 1996இல். 23 வருஷம் மேயரே கிடையாது. அப்புறம் 2016இலிருந்து 2022வரை மறுபடி காலி. அந்த நாட்களில் மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது தீர்மானமா வந்து பால் பாக்கெட் கொடுத்தது? பக்கத்துத் தெரு ஆட்கள்தான் கொடுத்தார்கள். கொடுக்கிற குணத்தைக் கேலி செய்யாதீர்கள்.

பழைய ரெக்கார்டு:
பக்கத்துத் தெருக்காரரை யாரும் கேலி செய்யவில்லை, அக்கா. அவர் ஓட்டுக் கேட்டு வரப்போவதில்லை, டெண்டர் அவர் மேஜைக்கு வரப்போவதில்லை. மேயர் ஒரு ஒப்பந்ததாரரிடம் ‘நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யுங்களேன்’ என்றால், அது வேண்டுகோளாகத்தான் காதில் விழுமா? மறுநாள் அதே ஒப்பந்ததாரர் போட்ட ரோட்டை மேயர் எப்படிக் கறாராகப் பார்ப்பார்? நன்கொடை வாங்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. மாநகராட்சிக் கணக்கில் ரசீதோடு வரட்டும். யார் கொடுத்தார், எந்தப் பள்ளிக்குப் போனது என்று மன்றத்தில் வைக்கட்டும்.

ராயபுரத்து அக்கா:
ஒப்பந்ததாரர் விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ரசீது வேண்டும். ஆனால் நீங்கள் சொல்கிற ஃபைல் நகர ஆறு மாதம் ஆகும். அந்தப் பெண் ஆறு மாதம் என்ன சாப்பிடுவாள்? அதற்குப் பதில் சொல்லாமல் தியாகராயரையே சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

கொசுவலை:
மணி அண்ணே, அந்த மிஷின் வாங்கினவர்களை யாராவது கேட்டீர்களா?

மாடிவீட்டு மணி:
ஒருவர் எங்கள் எதிர்வீடு. நேற்று கேட்டேன். காலால் மிதிக்கிற மிஷின், நன்றாகத்தான் ஓடுகிறதாம். வீட்டுக்குள் வைக்க இடமில்லை, வாசல் திண்ணையில் போட்டிருக்கிறார். ஆறு மணிக்கு மேல் ஊசியில் நூல் கோக்கத் தெரியவில்லை, விளக்கு எப்போது எரியும் என்று என்னிடம் கேட்டார். மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் போன் போட்டுப் புகார் எண் வாங்கி வைத்திருக்கிறேன்.

ராயபுரத்து அக்கா:
பார்த்தீர்களா, மிஷின் ஓடுகிறது. ஜாக்கெட்டுக்குக் கூலி எவ்வளவு என்று கேட்டுச் சொல்லுங்கள் தம்பி. அளவு ஜாக்கெட்டோடு இரண்டு துணி கொடுத்தனுப்புகிறேன். பகலிலேயே தைக்கட்டும்.