எல்ஃப் லொறி: 2இல இருந்து 3க்கு எடுக்கேக்க கியர் நடுவில இறுகுது

நெல்லுலொறி (புதுக்குடியிருப்பு):
1970களின்ர இசுசு எல்ஃப், கியர் தடி ஸ்ரியறிங்கோட இருக்கிற வகை. 2இல இருந்து 3க்கு எடுக்கேக்க நடுவில இறுகி நிக்குது, ஒரு பக்கமும் அசையாது. கீழ படுத்துக் கையால தட்டி விட்டாத்தான் சரி. அதோட, மூட்டை ஏத்திக்கொண்டு குளக்கட்டால இறங்கி அக்சிலேற்றரில இருந்து காலை எடுத்தா 4 தானா கழண்டு நியூற்றலுக்கு வருது. கியர் பொக்ஸ் இறக்கோணும் எண்டு கராச்சில சொல்லுறாங்கள். ஒயில் மாத்தியாச்சு. இறக்க முதல் என்ன பாக்கலாம்?

பரந்தன்சந்தி:
முதல் கிளச்சைப் பாருங்கோ. எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு எல்லாக் கியரும் போட்டுப் பாருங்கோ. நிண்டா லேசாப் போய், ஓடேக்க கரகரத்தா கிளச் முழுசா விடேல்லை. ஒரு கியர் மட்டும் போகாட்டி லொறியை ஒரு சாண் தள்ளிப்போட்டுத் திரும்பப் போடுங்கோ, பல்லுக்குப் பல்லு முட்டியும் நிக்கும்.

நெல்லுலொறி:
நிப்பாட்டினாலும் அதே இடத்திலதான் இறுகுது அண்ணை. கரகரப்புச் சத்தமே இல்லை.

கடைசல்பட்டறை:
அப்ப கிளச் இல்லை. தம்பி சொன்ன ரெண்டும் ரெண்டு வேற பிழை, சேத்துப் பாத்தாக் குழம்பும்.

தடியை முன்னுக்குப் பின்னுக்கு அசைச்சா, தடியில இருந்து கியர் பெட்டிக்குப் போற ஒரு கம்பி வேலை செய்யும். அது 1-2, 3-4, றிவேர்ஸ் எண்டு வரிசையைத் தெரிவு செய்யிறது. மேல கீழ அசைச்சா மற்றக் கம்பி, அதுதான் கியரைப் போடுறது. 2இல இருந்து 3க்குப் போக வரிசை மாறவேணும். தெரிவுக் கம்பியில ஆட்டம் இருந்தா பெட்டிக்குள்ள இருக்கிற விரல் மாதிரித் துண்டு பாதி வழியில நிண்டு ரெண்டு வரிசையின்ர வெட்டையும் ஒண்டாப் பிடிக்கும். ஒரே நேரத்தில ரெண்டு கியர் விழாமல் உள்ளுக்குப் பூட்டு இருக்கு. அது பிடிச்சவுடன எல்லாம் இறுகும். அந்த நேரம் தடியைப் பலமா இழுக்கவேண்டாம், கம்பிதான் வளையும்.

எஞ்சின் ஆறினாப் பிறகு, சில்லுக்கு முன்னும் பின்னும் கட்டை வைச்சிட்டுக் கீழ போங்கோ. பெட்டிப் பக்கத்தில ரெண்டு கம்பியையும் கழட்டி, பெட்டி லீவரை மட்டும் கையால அசைச்சுப் பாருங்கோ. ஒவ்வொரு கியரிலயும் 'டக்' எண்டு தெளிவா விழுந்தா இறுகலுக்குப் பெட்டி காரணம் இல்லை, அதுக்காக இறக்கத் தேவையில்லை. பிறகு ஒவ்வொரு மூட்டாப் பாருங்கோ. ஒரு மூட்டில 1 மி.மீ. ஆட்டம் பெரிசாத் தெரியாது, அஞ்சு மூட்டில அது 5 மி.மீ. திரும்பி வர வைக்கிற ஸ்பிரிங் அறுந்திருந்தாலும் இதே இறுகல்தான் வரும், அதையும் பாக்க மறக்காதேங்கோ.

நெல்லுலொறி:
கழட்டிப் பாத்தன். பெட்டி லீவர் நல்லா விழுது, ஸ்பிரிங்கும் இருக்கு. ஆனா தெரிவுக் கம்பி மூட்டில 10 மி.மீ. பின் (இரும்பு முளை) போற ஓட்டை முட்டை வடிவாகி 11.5 மி.மீ. காட்டுது. புஷ் (ஓட்டைக்குள்ள அடிக்கிற வளையம்) இருந்த அடையாளமே இல்லை. வெல்டிங் அடிச்சு நிரப்பித் துளைக்கலாமோ?

கடைசல்பட்டறை:
வெல்டிங் வேண்டாம். அந்தச் சூட்டில லீவர் திரும்பினா அளவு எல்லாம் பிழைக்கும், நிரப்பின இடமும் கட்டியாகித் துளைக்க விடாது. ஓட்டையை 14 மி.மீ.க்குத் துளைச்சு வெண்கலப் புஷ் அடியுங்கோ: வெளி இறுக்கமா, உள் விட்டம் பின்னை விட 0.1 மி.மீ. கூட. பின்னுக்குப் பதிலா போல்ற் போடுறதெண்டா புஷ்ஷுக்குள்ள திரெட் வரக்கூடாது, வந்தா அரம் மாதிரி அராவும். நட்டால இறுக்கிப் பிடிக்காமல் வொஷரும் ஸ்பிளிற் பின்னும் போடுங்கோ, மூட்டு சுத்தவேணும்.

மாங்குளம்34:
நைலோன் புஷ்ஷும் பாவிக்கலாம், சத்தம் இல்லை. கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையளில தேடினா எடுக்கலாம். சைலன்சர் குழாய்க்குக் கிட்ட இருக்கிற மூட்டுக்கு மட்டும் வெண்கலம், நைலோன் சூட்டில இளகும். எதைப் போட்டாலும் மேல பழைய ரியூப் துண்டால ஒரு உறை கட்டுங்கோ. எங்கட கிறவல் தூசி கிறீஸோட சேந்தா அரைக்கிற பசைதான்.

நெல்லுலொறி:
புஷ் அடிச்சாச்சு, இறுகல் போச்சு. 4 இப்பவும் கழருது.

கடைசல்பட்டறை:
4ஐப் போட்டிட்டு, கியரைப் போடுற மற்றக் கம்பியைப் பெட்டிப் பக்கத்தில கழட்டி, பெட்டி லீவரை அதே திசையில கையால தள்ளிப் பாருங்கோ. இன்னும் உள்ளுக்குப் போனா கியர் முழுசா விழேல்லை. அப்ப பெட்டியையும் தடியையும் நியூற்றலில வைச்சு, கம்பி நுனித் திரெட்டைத் திருப்பி, மூட்டுப் பின் இழுக்காமல் தள்ளாமல் தன்பாட்டில ஓட்டைக்குள்ள இறங்கிற அளவுக்கு நீளத்தைச் சரி செய்து லொக் நட்டை இறுக்குங்கோ.

அதுக்கு முதல் எஞ்சின் மவுண்டைப் பாருங்கோ, அதுதான் எஞ்சினைத் தாங்கிற றப்பர். கைப்பிறேக் பிடிச்சு, காலாலயும் பிறேக்கை மிதிச்சுக்கொண்டு, முதல் கியரில கிளச்சை மெதுவா ஒருக்கா விடேக்க, பக்கத்தில ஓராள் நிண்டு எஞ்சின் எவ்வளவு எழும்புது எண்டு பாக்கட்டும். முன்னுக்கு ஒருத்தரும் நிக்கவேண்டாம். றப்பர் கிழிஞ்சிருந்தா மவுண்டை மாத்தின பிறகுதான் கம்பியை அளக்கவேணும், எஞ்சின் அசையேக்க அளந்த அளவு நிக்காது. லீவர் முழுசா உள்ளுக்குப் போயும் கழண்டா, பெட்டிக்குள்ள கியரைப் பிடிச்சு வைக்கிற இரும்புக் குண்டும் ஸ்பிரிங்கும் தேய்ஞ்சிருக்கும், இல்லாட்டிப் பல்லின்ர ஓரம். கராச் சொன்ன வேலை அப்பதான்.