தரம் 6க்கு எந்தப் பாடசாலை? பெறுபேறுகளை எப்படி ஒப்பிடுவது?

கோண்டாவில் அம்மா:
வணக்கம். மகள் இந்த முறை தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டிவிட்டாள். வீட்டில் எல்லோருக்கும் யாழ்ப்பாண நகரத்து வேம்படி மகளிர் பாடசாலைதான் ஆசை. நான் மட்டும் தயங்குகிறேன். நடந்து போகும் தூரத்தில் ஒரு மாகாணப் பாடசாலை இருக்கிறது. நானும் அங்கேதான் படித்தேன். ஆனால் அதன் மதிலில் தொங்கும் பதாகையில் 9 ஏ, அதாவது தரம் 11 முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் ஒன்பது பாடத்துக்கும் ஏ, எடுத்தவர்களின் படங்கள் மூன்றே மூன்று. யாழ்ப்பாண நகரத்துப் பாடசாலைகளின் பதாகைகளில் எண்ணி முடியாத அளவு முகங்கள். “இதற்கு மேல் என்ன யோசனை?” என்கிறார் மாமி. படங்களை எண்ணித்தான் முடிவெடுக்க வேண்டுமா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

சுன்னாகம் கணித வாத்தியார்:
தங்கச்சி, முப்பத்தொரு வருடம் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவன் நான். உங்கள் தயக்கம் நியாயமானது.

பதாகையில் சித்தியடைந்தவர்களின் முகம் இருக்கும். எத்தனை பேர் எழுதினார்கள் என்பது இருக்காது. அதைவிட முக்கியமானது, அந்தப் பிள்ளைகள் தரம் 6க்குள் எப்படி வந்தார்கள் என்பது. வெட்டுப்புள்ளி வைத்துத் தெரிந்தெடுத்த பிள்ளைகளை 9 ஏ வரை கொண்டுபோவது ஒரு வேலை. வாசிக்கத் தடுமாறும் பிள்ளையைக் கணிதத்தில் நடுத்தரப் பெறுபேறான சி எடுக்க வைப்பது வேறு வேலை. நான் வாழ்நாள் முழுவதும் செய்தது இரண்டாவது வேலை.

தரம் 6இல் ஒரு பையன் வந்தான். 1003இலிருந்து 457ஐக் கழிக்கச் சொன்னேன். 1454 என்று எழுதினான். ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்திருந்தான். கழித்த பிறகு எப்படித் தொகை கூடும் என்று கேட்டேன். கொப்பியையே பார்த்துக்கொண்டு நின்றான். அடுத்த நாள் வீட்டிலிருந்து ஈர்க்கு கொண்டுபோனேன். பத்துப் பத்தாகக் கட்டி, பத்துக் கட்டை ஒரு பெரிய கட்டாக்கி, அவன் கையாலேயே அவிழ்க்க வைத்தேன். பூச்சியத்தைத் தாண்டிக் கடன் வாங்குவது அவனுக்குப் பிடிபட இரண்டு கிழமை ஆனது. சாதாரண தரத்தில் கணிதத்துக்கு சி எடுத்து, உயர்தரத்தில் வணிகப் பிரிவுக்குப் போனான். அந்த ஆண்டுப் பதாகையில் அவன் படம் இல்லை. எனக்கு அந்த சி எந்த ஏ-யையும் விடப் பெரியது.

ஆகவே அதிபரைச் சந்தித்து இவற்றைக் கேளுங்கள். ஆறு, ஏழு வருடங்களுக்கு முன் தரம் 6இல் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றினார்கள்? கணிதத்தில் டபிள்யூ, அதாவது சித்தியடையாதவர்கள், எத்தனை? ஒரு வருடத்தை மட்டும் பார்க்க வேண்டாம். முப்பது பேர் எழுதும் பாடசாலையில் மூன்று பேர் தவறினாலே சித்தி வீதம் பத்து சதவீதம் விழுந்துவிடும். மூன்று, நான்கு வருடங்களைச் சேர்த்துப் பாருங்கள்.

நல்லூர் வாசுகி:
சேர் சொல்வதை மதிக்கிறேன். ஆனாலும் என் மகளை நகரத்துப் பெரிய பாடசாலையில் சேர்த்தது சரி என்றே நினைக்கிறேன். அங்கே விஞ்ஞான ஆசிரியர் பிரசவ விடுப்பில் போனபோது வகுப்பை எடுக்க இன்னொருவர் இருந்தார். என் தங்கை பிள்ளையின் சின்னப் பாடசாலையில் அதே நிலை வந்தபோது ஒரு தவணை முழுவதும் அந்தப் பாடவேளை வெறுமையாகவே போனது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாடசாலைப் பதாகையில் இருக்கும் அதே பிள்ளையின் படத்தைத் தனியார் கல்வி நிலையத்தின் பதாகையிலும் பார்க்கிறோம். அந்த ஏ யாருடையது? என் மகளும் கிழமையில் நான்கு நாள் டியூசனுக்குப் போகிறாள்.

கிளிநொச்சி மாணவன்:
பல்கலைக்கழகத்துக்குப் போனவர்களின் தொகையை வைத்து வேறு மாவட்டப் பாடசாலைகளோடு ஒப்பிடாதீர்கள், அக்கா. அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படை, 55 சதவீதம் மாவட்ட அடிப்படை, மீதி 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கு. உயர்தரப் பெறுபேற்றை வைத்துக் கணிக்கும் இசட் புள்ளி ஒன்றாகவே இருந்தாலும் இங்கே கிளிநொச்சியில் இடம் கிடைக்கலாம், யாழ்ப்பாணத்தில் கிடைக்காமல் போகலாம்.

சுன்னாகம் கணித வாத்தியார்:
வாசுகி சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். நான்கு வருடம் நெடுந்தீவில் படிப்பித்தேன். கடல் கொந்தளித்தால் குறிகாட்டுவானில் படகு எடுக்கமாட்டார்கள். இறங்குதுறையில் நின்றுவிட்டுத் திரும்புவேன். அக்கரையில் என் தரம் 11 பிள்ளைகள் வாங்கில் இருந்துகொண்டிருப்பார்கள். அந்த நாட்களை எந்தப் பெறுபேற்றுப் பட்டியலும் சொல்லாது. அதனால் தங்கச்சி, இதையும் கேளுங்கள்: கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் மூன்றுக்கும் இப்போது நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா? எத்தனை வருடமாக? இடமாற்றம் கேட்டிருக்கிறாரா? மூன்றுக்கும் ஆள் இருந்தால் ஊர்ப் பாடசாலைக்கு அனுப்புங்கள். இல்லையென்றால் நானே உங்களை நகரத்துக்கு அனுப்புவேன்.

கோண்டாவில் அம்மா:
எல்லோருக்கும் நன்றி. திங்கட்கிழமை காலை ஊர்ப் பாடசாலை அதிபரைப் பார்க்கப் போகிறேன். சேரின் கேள்விகளைக் கொப்பியில் எழுதிவிட்டேன். மகளும் அதற்குக் கீழே ஒன்று எழுதியிருக்கிறாள்: “இடைவேளையில் நூலகம் திறந்திருக்குமா?”