வேளச்சேரி வீடு (குடும்பக் குழு)

செந்தில்: மழைக்கு முன்னால் அம்மா ரூம் இன்வெர்ட்டரை இன்றைக்கு டெஸ்ட் பண்ணுகிறேன். ஆக்சிஜன் மெஷினுக்கு 350 வாட் வேண்டும். 2023 மிக்ஜாம் புயலில் நாள் கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். இந்த முறை அப்படி மாட்டக்கூடாது.

கவிதா: ஃபுல் சார்ஜ் என்றுதானே காட்டுகிறது அண்ணா?

செந்தில்: சும்மா நிற்கும்போது வலுவில்லாத பேட்டரியும் 12.5 வோல்ட் காட்டும்மா. லோடு கொடுத்தால்தான் தெரியும்.

சேகர் மாமா: அயர்ன் பாக்ஸைப் போட்டுப் பாரு மாப்ளே.

செந்தில்: அது 1000 வாட் மாமா, ஓவர்லோடு ஆகிவிடும். சூடேறினால் தானாக அணைந்து அணைந்து வேறு வரும், கணக்கு நிற்காது. பலகையில் 4 ஹோல்டர் அடித்து 100 வாட் குண்டு பல்பு மாட்டிவிட்டேன். அம்மா மெஷின் நேராக ஈபி லைனில் ஓடுகிறது. சிலிண்டரும் பக்கத்தில் இருக்கிறது.

சேகர் மாமா: உப்புத்தண்ணி வாளியில் தகடு இறக்கியும் லோடு கொடுப்பாங்களே?

செந்தில்: வீட்டில் வேண்டவே வேண்டாம் மாமா. வாளித் தண்ணீரிலேயே 230 வோல்ட் நிற்கும், பிள்ளைகள் ஓடுகிற இடம்.

கவிதா: எவ்வளவு நேரம் தாங்க வேண்டும்?

செந்தில்: பேட்டரியில் போட்டிருக்கும் 150 ஏஹெச் (ஆம்பியர்-மணி, அதன் கொள்ளளவு) என்பது 20 மணி நேரம் மெதுவாக எடுத்தால் கிடைப்பது. 400 வாட்டுக்குக் கிட்டத்தட்ட 40 ஆம்ப் இழுக்கும், அதனால் குறையும். இரண்டரை மணி நேரம் நின்றால் நல்ல பேட்டரி. 10.5 வோல்ட்டுக்குக் கீழே இறக்க மாட்டேன்.

செந்தில்: 10.10க்கு ஆரம்பித்தேன். 12.1 வோல்ட்.

செந்தில்: 10.40: 11.7 வோல்ட். ஒரு டெர்மினலில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. வெள்ளையாகப் பூத்திருக்கிறது.

செந்தில்: 11.15: 10.5 வோல்ட். நிறுத்திவிட்டேன்.

கவிதா: ஒரு மணி நேரம்தானா! ராத்திரியில் போயிருந்தால்?

செந்தில்: அதை நினைத்தால்தான் பதறுகிறது. உடனே சார்ஜில் போட்டுவிட்டேன். டெர்மினலைச் சோடா உப்பு, வெந்நீர் விட்டுக் கழுவி வாசலின் தடவப் போகிறேன்.

*மறுநாள் காலை*

செந்தில்: ஃபுல் சார்ஜில் ஹைட்ரோமீட்டர் (பேட்டரி ஆசிட்டின் அடர்த்தி பார்க்கும் கருவி) வைத்துப் பார்த்தேன். ஐந்து செல்லில் 1230. மூன்றாவது செல்லில் 1150தான், மிதவை அவ்வளவாக எழும்பவில்லை. அந்த ஒரு செல் மொத்தத்தையும் கீழே இழுக்கிறது. புது பேட்டரி சொல்லிவிட்டேன்.

சேகர் மாமா: நல்ல காரியம். அதையும் பல்பு போட்டுப் பாரு.

செந்தில்: கண்டிப்பாக மாமா. அப்புறம் மெஷினையும் 15 நிமிஷம் அதில் ஓட்ட வேண்டும். மோட்டார் கிளம்பும்போது கூடுதலாக இழுக்கும், பல்பில் அது தெரியாது.

கவிதா: அன்றைக்கு நான் வந்து அம்மா பக்கத்தில் விரலில் ஆக்சிமீட்டர் மாட்டி உட்கார்ந்துகொள்கிறேன். நீ மீட்டரைப் பார் அண்ணா.