ரன்-அவுட் என்பதற்குக் ‘கோட்டம்’: ஒரு முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலில், கார்ச் சக்கரம் அதிர்வதற்கான காரணங்கள் அனைத்தையும் ‘சக்கரச் சமனின்மை’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடலாம் என்ற கருத்தை நான் ஏற்கவில்லை. எடையில் உள்ள குறை வேறு, ஆங்கிலத்தில் ரன்-அவுட் எனப்படும், வடிவத்தில் உள்ள குறை வேறு. பட்டறையில் இரண்டுக்கும் செய்யும் வேலையும் வேறு.

சுற்றளவு ஏறத்தாழ 1.8 மீட்டர் உள்ள சக்கரம், மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 14 முறை சுழல்கிறது. ரிம்மின் ஓரத்தில் 20 கிராம் எடை கூடுதலாக இருந்தால்கூட, அந்த வேகத்தில் அது கிட்டத்தட்ட 3 கிலோ எடைக்கு நிகரான விசையுடன் அச்சை இழுத்துக்கொண்டே இருக்கும். சஸ்பென்ஷனோடு சேர்ந்த சக்கரம் இயல்பாகத் துள்ளும் அதிர்வெண்ணும் பெரும்பாலும் 10 முதல் 15 ஹெர்ட்சுக்குள், அதாவது நொடிக்கு 10 முதல் 15 முறைக்குள், அமைவதால்தான், கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகையில் 80-ஐத் தொட்டதும் ஆடத் தொடங்கும் ஸ்டியரிங், வேகம் இன்னும் கூடியதும் சற்று அடங்கியதுபோல் தோன்றுகிறது. ஆட்டம் உட்காரும் சீட்டில் தெரிந்தால் பின்சக்கரங்களை முதலில் பார்க்க வேண்டும். இதற்கு ‘எடைச் சமனின்மை’ பொருந்தும். ஈயக்கட்டி வைத்தால் தீரும்.

பள்ளத்தில் விழுந்து வளைந்த ரிம்முக்கும், உள்ளடுக்கு பிரிந்து புடைத்த டயருக்கும் ஈயம் மருந்தாகாது. பேலன்சிங் இயந்திரம் சுழியம் காட்டிய பிறகும் வண்டி ஆடும். மணிக்கு 40 கிலோமீட்டரிலேயே தெரிந்துவிடுவதும் உண்டு. இந்த ரன்-அவுட்டுக்கு முன்வைக்கப்பட்ட ‘ஓட்ட விலகல்’ என்பதைப் படிப்பவர், வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போவதாகவே எண்ணுவார்; அது அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், சார்ந்த கோளாறு.

தருமபுரிப் பக்கத்துச் சைக்கிள் கடைகளில் ‘கோட்டம் எடுப்பது’ என்பது பழகிய பேச்சு. சக்கரத்தைச் சுழலவிட்டு, ஃபோர்க்கில் கையை ஊன்றிச் சுண்ணக்கட்டியை ரிம்மை ஒட்டிப் பிடித்தால், பிதுங்கிய இடத்தில் மட்டும் வெள்ளைக் கீறல் விழும். அந்த இடத்துக் கம்பிகளைத் திருகி நேராக்குவார்கள். டயல் கேஜ் என்னும் முள் அளவியை வைத்து மில்லிமீட்டரில் அளப்பதும் இதே சோதனைதான். எனவே ‘கோட்டம்’ என்றே வைத்து, ‘பக்கக் கோட்டம்’, ‘மேல்கீழ்க் கோட்டம்’ எனப் பிரிக்கலாம். மேல்கீழ்க் கோட்டத்தைக் குறிக்கும் ‘ரேடியல்’ என்பதை நேரே பெயர்த்து ‘ஆரக் கோட்டம்’ என்றால் ஆரக்கால் வளைந்ததாகப் பொருள்படும். மின்வாரியத்திலும் அலுவலகப் பிரிவுக்குக் கோட்டம் என்ற பெயர் இருக்கிறதே என்பவர்களுக்கு, டயர் கடையில் அந்தக் குழப்பம் வராது என்பதே என் பதில்.

தொப்பூர் இறக்கத்தில் பிரேக் மிதிக்கும்போது மட்டும் ஸ்டியரிங் நடுங்குவதைப் ‘பிரேக் உதறல்’ எனத் தனியே பதிய வேண்டும். டிஸ்க் வளைந்துவிட்டது என்பார்கள். பல வேளைகளில் காரணம், டிஸ்க்கின் தடிப்பு இடத்துக்கு இடம் மாறியிருப்பதுதான். ஆகவே அந்தக் காரணத்துக்குத் ‘தடிப்பு வேறுபாடு’ என்பதே சரி.

ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் வரும் அதிர்வில் சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் உட்பக்க மூட்டான உட்புற சி.வி. ஜாயின்ட்டை ஐயுற வேண்டும். அந்தப் பெயரை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.