அத்தையின் கேமராவும் பெரியப்பாவின் டச்பேடும்

குடும்பக் குழு, சனிக்கிழமை மாலை

சின்ன அத்தை: யாராவது இருக்கிறீர்களா? லேப்டாப்பில் கேமரா வரவில்லை. ஆறு மணிக்குப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆன்லைன் கணக்கு வகுப்பு. என் முகம் வர வேண்டிய இடத்தில் வெறும் கருப்புதான் இருக்கிறது.

அண்ணன்: செட்டிங்ஸில் பிரைவசி என்று இருக்கும் அத்தை. அதில் கேமரா அனுமதி ஆனில் இருக்கிறதா பாருங்கள்.

சின்ன அத்தை: அதெல்லாம் பார்த்துவிட்டேன்பா. ஜூமை எடுத்துவிட்டுத் திரும்பவும் போட்டேன். ரீஸ்டார்ட்டும் செய்தாயிற்று.

நான்: அத்தை, திரைக்கு மேல் விளிம்பில் கேமரா இருக்கும் இடத்தில் நகத்தை வைத்துப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். சின்னதாக ஒரு மூடி நகரும்.

சின்ன அத்தை: வந்துவிட்டது!! இப்படி ஒரு மூடி இருக்கிறது என்று யாருமே சொல்லவில்லையே. உளுந்து அளவுகூட இல்லை. மூடியும் கருப்பு, சட்டமும் கருப்பு. கண்ணாடி போட்டுக்கொண்டு கிட்டத்தில் பார்த்தாலும் கோடுதான் தெரிகிறது.

நான்: திரையைத் துணியால் துடைத்தாலே அது நகர்ந்துவிடும் அத்தை. எங்கள் ரிப்பேர் கடைக்கு இதே புகாருடன் அடிக்கடி வருகிறார்கள். கேமரா போய்விட்டது, மாற்ற எவ்வளவு ஆகும் என்றுதான் கேட்பார்கள். சில மாடல்களில் மூடினால் லென்ஸ் இருக்கும் இடத்தில் சிவப்புப் புள்ளி தெரியும். பார்த்த உடனே மூடியிருக்கிறது என்று புரிந்துவிடும். அந்த ஒரு புள்ளி பெயின்ட் இல்லாததால்தான் நீங்கள் ஜூமை அழித்துப் போட வேண்டியதாயிற்று.

சின்ன அத்தை: சரி பாப்பா, வகுப்பு முடிந்து வருகிறேன். நன்றி.

பெரியப்பா: இதே மாதிரி எனக்கும் ஒன்று இருக்கிறது. போன வாரத்திலிருந்து டச்பேட் வேலை செய்யவில்லை. மவுஸ் வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அதையும் பார்த்துச் சொல் அம்மா.

நான்: பெரியப்பா, மேல் வரிசையில் எஃப்1 முதல் எஃப்12 வரை இருக்கிறதல்லவா? அதில் எதிலாவது சின்னச் செவ்வகம் வரைந்து குறுக்கே ஒரு கோடு போட்டிருக்கிறதா?

பெரியப்பா: எஃப்9-ல் இருக்கிறது. எறும்பு எழுத்து.

நான்: அதை ஒருமுறை அழுத்துங்கள். நடக்கவில்லை என்றால் கீழே இடதுபக்கம் இருக்கும் எஃப்என் சாவியைப் பிடித்துக்கொண்டு அழுத்துங்கள்.

பெரியப்பா: எஃப்என் சேர்த்து அழுத்தியதும் வந்துவிட்டது. ஆனால் ஒன்று கேட்கிறேன். எஃப்10-ஐ அப்படி எதுவும் பிடிக்காமல் அழுத்தித்தான் நான் இவ்வளவு நாளும் வெளிச்சம் கூட்டினேன். இதற்கு மட்டும் ஏன் இரண்டு விரல்?

நான்: இன்றைக்கு எஃப்10-ஐத் தனியாக அழுத்திப் பாருங்கள், வெளிச்சம் கூடுகிறதா என்று.

பெரியப்பா: கூடவில்லை. எஃப்என்னோடு சேர்த்தால்தான் கூடுகிறது.

நான்: எஃப்என் பூட்டு மாறியிருக்கிறது. நிறைய லேப்டாப்பில் எஃப்என்னையும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்தினால் மேல் வரிசை முழுக்க வேலை மாறிவிடும். எஸ்கேப் சாவியில் ஒரு குட்டிப் பூட்டுப் படம் இருந்தால் அதுதான். மாறிவிட்டது என்று திரையில் ஒரு வார்த்தைகூட வராத மாடல்களும் உண்டு.

அண்ணன்: நான் கொஞ்சம் எதிர்க்கட்சி பேசுகிறேன். எந்தக் கருவியாக இருந்தாலும் பழகித்தான் ஆக வேண்டும். பெரியப்பா டைப்ரைட்டிங் ஹையர் முடிக்கவில்லையா? அது என்ன பார்த்த உடனே வந்துவிட்டதா?

பெரியப்பா: டைப்ரைட்டரை இழுத்துவிட்டாய், அதனால் சொல்கிறேன். முப்பது வருஷம் கோர்ட்டில் அதில்தான் உட்கார்ந்திருந்தேன். பழகுவது கஷ்டம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஷிஃப்ட் லாக்கை அழுத்தினால் அந்தச் சாவி கீழேயே இறங்கி நிற்கும். கண்ணால் பார்க்கவே வேண்டாம், சுண்டுவிரல் பட்டாலே தெரிந்துவிடும். விடுவிக்க ஷிஃப்டைத் தட்டினால் டக்கென்று மேலே வரும். இந்த லேப்டாப்பில் கேப்ஸ் லாக் அழுத்தினாலும் சாவி பழைய இடத்துக்கே வந்து நிற்கிறது. ஆனிலா ஆஃபிலா என்று அதைப் பார்த்து எப்படித் தெரிந்துகொள்வது? என்னுடையதில் விளக்குகூட இல்லை.

நான்: பெரியப்பா சொன்னதுதான் இதில் முக்கியமான விஷயம் அண்ணா. பழகுவது வேறு. பழகிய பிறகும் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று கருவி காட்டவில்லை என்றால், பழகியவரும் தடுமாறத்தான் செய்வார். எனக்கே கடையில் ஒவ்வொரு மாடலுக்கும் தேட வேண்டியிருக்கிறது.

மதுரை மாமா: இப்போதுதான் சென்டரைப் பூட்டிவிட்டு வந்தேன். எல்லாவற்றையும் படித்துவிட்டேன். பாப்பா பக்கம்தான் நான். பிரவுசிங் சென்டர் வைத்த காலத்திலிருந்து இதைப் பார்க்கிறேன். போன மாதம் ஒரு பையன் தன் பழைய குட்டி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான், கல்லூரி விண்ணப்பம் போட. பாஸ்வேர்ட் தப்பு, பாஸ்வேர்ட் தப்பு என்றே வருகிறது. கடைசி நாள் வேறு, பையன் அழாத குறை. வேறொரு இடத்தில் அடித்துக் காட்டு என்றேன். யூ அடித்தால் 4 விழுகிறது, ஐ அடித்தால் 5. எழுத்துக்குப் பதில் எண் விழவைக்கும் நம்லாக் ஆனில் இருந்திருக்கிறது. பாஸ்வேர்ட் கட்டத்தில் எல்லாம் புள்ளியாகத்தானே தெரியும், அவன் எப்படிக் கண்டுபிடிப்பான்?

அண்ணன்: சரி, அது நியாயம். நம்பர் பகுதி தனியாக இல்லாத கீபோர்டில் எழுத்துச் சாவிக்குள்ளேயே எண்களை ஒளித்து வைத்தார்கள். இப்போது வருபவற்றில் அது பெரும்பாலும் இல்லை.

மதுரை மாமா: பவர் பட்டன் கதையும் இருக்கிறது. கம்ப்யூட்டரை ஆஃப் செய்துவிட்டுப் போங்கள் என்றால் பாதிப் பேர் மானிட்டர் பட்டனை அழுத்திவிட்டுப் போவார்கள். திரை இருண்டால் ஆஃப் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? அவர்களைக் குறை சொல்ல முடியாது. சிபியு மேசைக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கும்.

நான்: முன்பு அது நிஜமான சுவிட்ச் மாமா. ஏடி என்ற பழைய வகைக் கம்ப்யூட்டர் பெட்டியில் பட்டன் நேராகக் கரன்ட்டையே துண்டிக்கும். 1995-ல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்ற புது அமைப்பைக் கொண்டுவந்த பிறகு, அந்தப் பட்டன் மதர்போர்டுக்குச் செய்தி மட்டும்தான் சொல்கிறது. என்ன செய்வது என்று விண்டோஸ் முடிவு செய்கிறது. ஒரு தட்டு தட்டினால் தூங்கலாம், அணையலாம், ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம், எல்லாம் செட்டிங்ஸைப் பொறுத்தது. சில நொடிகள் விடாமல் அழுத்திப் பிடித்தால் மட்டும் அடியோடு அணையும். சேமிக்காத வேலை போய்விடும்.

மதுரை மாமா: அப்படியானால் இதற்குப் பதில் சொல். ஷட் டவுன் கொடுத்து மறுபடி ஆன் செய்தாலும் பிரின்டர் பிரச்சினை அப்படியே இருக்கிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால் சரியாகிவிடுகிறது. எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

நான்: அருமையான கேள்வி மாமா. 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒன்றைச் சேர்த்தார்கள். ஷட் டவுன் கொடுத்தால் உங்கள் புரோகிராம்களை மூடிவிடும். ஆனால் விண்டோஸின் உள்பகுதியையும், பிரின்டர் மாதிரிக் கருவிகளை ஓட்டும் டிரைவர் புரோகிராம்களையும் அப்படியே டிஸ்கில் எழுதி வைத்துக்கொள்ளும். மறுநாள் ஆன் செய்தால் அதையே எடுத்து ஓட்டும். பிரின்டர் டிரைவர் நேற்று குழம்பியிருந்தால் இன்றும் அதே குழப்பத்தோடுதான் எழும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும். முழுசாக அணைக்க வேண்டும் என்றால் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ஷட் டவுனைக் கிளிக் செய்யுங்கள்.

பெரியப்பா: அணைப்பது அணைப்பது இல்லை, திரும்பத் தொடங்குவதுதான் முழுசாக அணைப்பது. இதை ஒரு மனிதன் தானாக ஊகிக்க முடியுமா?

அண்ணன்: முடியாது பெரியப்பா. இதில் நானும் உங்களோடு சேர்ந்துவிடுகிறேன். ஆனால் செய்தவர்கள் யோசிக்காமல் செய்தார்கள் என்று சொல்ல முடியாது. யூஎஸ்பியைப் பாருங்கள். 1996-ல் வந்தது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியும், ஒரு பக்கம்தான் நுழையும். அதை உருவாக்கிய குழுவில் முக்கியமானவர் அஜய் பட், குஜராத்தில் பிறந்தவர், இன்டெல்லில் இருந்தார். இருபக்கமும் நுழையும்படி செய்தால் கம்பியும் சர்க்யூட்டும் இரட்டிப்பாகும், விலை கூடும், அதனால்தான் அப்படி விட்டோம் என்று பின்னால் பேட்டியில் சொன்னார். அன்றைக்கு விலை கூடியிருந்தால் எந்த கம்பெனியும் சீண்டியிருக்காது. எந்தப் பக்கம் வைத்தாலும் நுழையும் சி-டைப் 2014-ல்தான் வந்தது.

நான்: உண்மைதான் அண்ணா. அந்தக் காலத்தில் நன்றாக யோசித்த விஷயங்களும் இருக்கின்றன. மாமாவுக்கு ஞாபகம் இருக்கும், செருகும் இடங்களுக்கு நிறம் கொடுத்தார்களே, கீபோர்டுக்கு ஊதா, மவுஸுக்குப் பச்சை, மைக்குக்கு இளஞ்சிவப்பு.

மதுரை மாமா: மறக்குமா? சென்டரில் வேலைக்கு வந்த பையன்களுக்கு நான் எதையும் சொல்லித்தரவில்லை. நிறத்துக்கு நிறம் செருகு என்பேன், அவ்வளவுதான். நிறம் வருவதற்கு முன்னால் கீபோர்டு பிளக்கும் மவுஸ் பிளக்கும் அச்சு அசல் ஒன்றாகவே இருக்கும், மாற்றிச் செருகிவிட்டுக் கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்பார்கள்.

நான்: மைக்ரோசாஃப்டும் இன்டெல்லும் சேர்ந்து பிசி 99 என்று ஒரு வழிகாட்டி போட்டார்கள், அந்த நிறங்கள் அதில்தான் வந்தன. இன்னொன்றும் நல்ல தீர்வு. கம்ப்யூட்டருக்குக் கரன்ட் தரும் பெட்டியான பழைய எஸ்எம்பிஎஸ் பின்னால் சிவப்பாக 115, 230 என்று வோல்ட் மாற்றும் ஒரு தள்ளு சுவிட்ச் இருக்கும். நம் ஊர்க் கரன்ட்டுக்கு அதை 115-ல் வைத்து ஆன் செய்தால் உள்ளே வெடித்துவிடும். கை தவறிப் படாமல் இருக்கக் குழிக்குள் வைத்திருந்தார்கள், ஸ்க்ரூடிரைவர் முனையால்தான் நகர்த்த முடியும். அப்புறம் 100 முதல் 240 வரை எதுவானாலும் தானே ஏற்றுக்கொள்ளும் சப்ளை வந்தது, அந்த சுவிட்சே தேவையில்லாமல் போய்விட்டது.

சின்ன அத்தை: வகுப்பு முடிந்தது, முகம் நன்றாகத் தெரிந்ததாம். ஆனால் நடுவில் ஒரு தடவை லேப்டாப் தூங்கிவிட்டது! டெலிட் அழுத்தப் போய் பக்கத்தில் இருக்கும் பவர் மேல் விரல் பட்டுவிட்டது. ஏன்தான் அங்கே கொண்டுபோய் வைத்தார்களோ.

நான்: எனக்கு மிகவும் ஆற்றாமையாக இருப்பது இதுதான் அத்தை. 1981-ல் ஐபிஎம் பிசி வந்தபோது, டேவிட் பிராட்லி என்ற எஞ்சினியர் ரீஸ்டார்ட் செய்ய ஒரு குறுக்குவழி வைத்தார். முதலில் கன்ட்ரோல், ஆல்ட், எஸ்கேப். மூன்றும் இடதுபக்கமே இருந்ததால் தெரியாமல் கை பட்டாலே மெஷின் ரீஸ்டார்ட் ஆகிவிடும் என்று பார்த்து, எஸ்கேப்பை எடுத்துவிட்டு வலது கோடியில் இருந்த டெலிட்டை வைத்தார். ஒரு கையால் அழுத்த முடியாதபடி வேண்டும் என்றே தூரமாக வைத்தார். அவ்வளவு கவலைப்பட்ட தொழில் இது. இப்போது மெலிசாகச் செய்ய வேண்டும் என்று பவரையே ஒரு சாவியாக்கி, அடிக்கடி அழுத்தும் டெலிட்டுக்கும் பேக்ஸ்பேஸுக்கும் பக்கத்தில் வைத்துவிட்டார்கள்.

அண்ணன்: அந்த மூன்று சாவியைப் பிறகு விண்டோஸில் லாகின் செய்யவும் வைத்தார்கள். அது தப்புதான் என்று மைக்ரோசாஃப்ட் பில் கேட்ஸே 2013-ல் ஹார்வர்டில் சொன்னார். ஒரே பட்டனாக வைத்திருக்கலாம், ஐபிஎம்மில் கீபோர்டு வடிவமைத்தவர் தரவில்லை என்றார். சில லேப்டாப்பில் பவர் சாவியை மட்டும் கெட்டியாகச் செய்கிறார்கள், கொஞ்சம் பலமாக அழுத்தினால்தான் இறங்கும். அது பரவாயில்லை.

நான்: ஆமாம், அது நல்ல யோசனை. அத்தை, உங்களுடையதற்கு கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போனால் பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும். டூ நத்திங் என்று வைத்துவிடுங்கள். வகுப்பு நடுவில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. அணைக்க ஸ்டார்ட் மெனு இருக்கிறது.

சின்ன அத்தை: இப்போதே செய்கிறேன். சின்னவளுக்குக் கல்லூரிக்கு லேப்டாப் வாங்க வேண்டும். ராம், பிராசஸர் எல்லாம் அண்ணன் பையன் எழுதிக் கொடுத்துவிட்டான். நீ என்ன பார்ப்பாய் பாப்பா?

நான்: கடையில் பத்து நிமிஷம் கையால் தொட்டுப் பார்க்கச் சொல்வேன் அத்தை. டெலிட்டைக் கண்ணை மூடிக்கொண்டு தேடும்போது விரல் பவரில் விழுகிறதா? கேப்ஸ் லாக்கில் விளக்கு எரிகிறதா? கேமரா மூடியை மூடினால் மூடியது தெரிகிறதா? சி-டைப் ஓட்டை இருந்தால், அதில் சார்ஜ் ஏறுமா என்று கட்டாயம் கேளுங்கள். ஓட்டை ஒரே வடிவமாக இருந்தாலும் சிலவற்றில் சார்ஜ் ஏறும், சிலவற்றில் படம் போகும், சிலவற்றில் பென் டிரைவ் மட்டும்தான் ஓடும். பக்கத்தில் பிளக் படமோ மின்னல் படமோ போட்டிருந்தாலும் கடைக்காரரைச் செருகிக் காட்டச் சொல்லுங்கள்.

பெரியப்பா: எழுத்து எவ்வளவு பெரிதாக அச்சடித்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள் அம்மா. என் கண்ணுக்கு எஃப்9 படம் தெரிந்திருந்தால் மவுஸ் வாங்கியிருக்க மாட்டேன்.

நான்: சேர்த்துவிட்டேன் பெரியப்பா. அடுத்த வாரம் தஞ்சாவூர் வரும்போது பெரிய எழுத்து ஸ்டிக்கர் கொண்டுவருகிறேன், எஃப் வரிசைக்கும் ஒட்டிவிடலாம்.

மதுரை மாமா: ஸ்டிக்கர் எனக்கும் நாலு செட் வாங்கிவிடு பாப்பா, சென்டர் மெஷின்களுக்கு. பணம் ஜிபே பண்ணிவிடுகிறேன்.

சின்ன அத்தை: நாளை சாயந்திரம் ஐந்து மணிக்கு நீயும் கடைக்கு வா. சின்னவளையும் அழைத்து வருகிறேன், அவளே அழுத்திப் பார்க்கட்டும்.

நான்: வந்துவிடுகிறேன் அத்தை.