மிரினுக்கு மாற்றா, பதிலியா, பகரமா?

ஜப்பானியச் சமையல் குறிப்புகளைத் தமிழில் எழுதும்போது, கிடைக்காத பொருளின் இடத்தில் சேர்ப்பதை என்ன சொல்லால் குறிப்பது என்பதுதான் கேள்வி.

> 'மாற்றுப்பொருள்' என்றே போட்டுவிடலாமே. புதுச்சொல் எதற்கு?

வணக்கம். 'மாற்று' இங்கே போதாது என்றுதான் எனக்குப் படுகிறது. நம் கையில் இருக்கும் டெரியாக்கி (இனிப்புச் சோயா சாஸில் சுண்டவைக்கும் ஜப்பானிய உணவு) குறிப்பையே பாருங்கள். சோயா சாஸ், மிரின், சாக்கே என்னும் அரிசி மது, சர்க்கரை, இவ்வளவுதான் சாஸ். இதில் மிரின் இல்லையென்றால்?

மிரின் என்பது ஒட்டரிசி, கோஜிப் பூஞ்சை ஏற்றிய அரிசி, ஷோச்சு என்னும் ஜப்பானியச் சாராயம் மூன்றையும் சேர்த்து வாரக்கணக்கில் ஊறவைத்து வடிப்பது. அசல் மிரினில் சாராயம் மட்டுமே 14 சதவீதம் போல இருக்கும். அரிசியின் மாவுச்சத்து உடைந்து சர்க்கரையாகிவிடுவதால் இனிப்பு. வாணலியில் சுண்டச் சுண்ட அந்தச் சர்க்கரைதான் மீன்துண்டின் மேல் மினுமினுவென்று படிகிறது. சாராயம் ஆவியாகும்போது மீன் வாடையையும் கூட்டிக்கொண்டு போய்விடும். ஒரே புட்டி, மூன்று வேலை.

அலமாரியில் இருக்கும் எதுவும் தனியாக இந்த மூன்றையும் செய்யாது. தண்ணீரில் கரைத்த சர்க்கரை இனிப்பைத் தரும், வாடையைத் தொடாது. தேன் நன்றாக மினுங்கும், ஆனால் கொஞ்சம் அசந்தால் கருகிவிடும். வாடைக்கு இஞ்சிச்சாறு விட வேண்டும். அரிசி வினிகரில் சர்க்கரை கலப்பவர்களும் உண்டு. புளிப்பு எட்டிப் பார்க்கத்தான் செய்யும்.

ஆக, பல சேர்ந்து ஒன்றின் இடத்தில் நிற்பதற்கு ஒரு சொல் வேண்டும். என் பரிந்துரை 'பகரக்கலவை'. 'அதற்குப் பகரமாக', அதாவது 'அதற்குப் பதிலாக', என்பது இஸ்லாமியத் தமிழ் எழுத்தில் இன்றும் சர்வசாதாரணம், நாம் தோண்டி எடுக்க வேண்டியதில்லை. ஒன்றுக்கு ஒன்று என்றால், அதாவது சாக்கேக்குப் பதில் இனிப்பில்லாத ஷெரி (ஒருவகைத் திராட்சை மது) ஊற்றினால், 'பதிலி' போதும்.

> 'பகரக்கூட்டு' இன்னும் தமிழாக இல்லையா?

சமையல் குறிப்பில் 'கூட்டு' என்று எழுதினால் தொடுகறியைத்தான் தேடுவார்கள். வேண்டாமே!

> சரி, டோன்காட்சு (பன்றி இறைச்சிக் கட்லெட்) சாஸுக்குக் கெட்சப், வூஸ்டர் சாஸ், சோயா சாஸ், சர்க்கரை கலக்கச் சொல்கிறோம். அப்புறம் டாஷிக்கு (ஜப்பானியச் சூப்புகளுக்கான அடிப்படைச் சாறு) ஷீட்டாக்கே காளான் ஊறிய தண்ணீர். இரண்டுக்கும் என்ன போடுவது?

முதலாவது பகரக்கலவை. இரண்டாவது பதிலி. ஆனால் அந்தத் தண்ணீரில் 'கொம்பு' என்னும் கடற்பாசியும் சேர்ந்து ஊறினால் இந்தச் சொல் எதுவும் போட வேண்டாம். அதுவே ஒரு டாஷிதான், சைவ டாஷி.